குளிர்ந்த எஞ்சினும் எரிபொருட் கலவையும்

ஆலயத்திலும் இல்லத்திலும் விளக்கேற்றுவோர் நாள்தோறும் காணும் உண்மை ஒன்றுண்டு. அகலில் நிறைந்திருக்கும் எண்ணெயில் எரியும் தீக்குச்சியை நேரே தோய்த்தால் எண்ணெய் பற்றுவதில்லை, தீக்குச்சியே அணைந்துபோகும். அதே எண்ணெயில் ஊறிய திரியின் நுனியிற் சுடரைப் பிடித்தால், சிறிது நேரத்தில் விளக்கு நின்றெரியத் தொடங்கும். இதற்குக் காரணம் யாதெனின், திரியின் நுனியிலுள்ள சிற்றளவு எண்ணெய் வெப்பமுற்று ஆவியாகின்றது; அவ்வாவியே வளியிலுள்ள ஒட்சிசனோடு கூடி எரிகின்றது. திரவம் எரிவதில்லை, ஆவியே எரியும். மோட்டார் வாகனத்தின் எஞ்சின் குளிர்ந்த வேளையில் இயங்க மறுப்பதற்கும், அதனை இயக்குதற்கு மனிதர் கண்ட உபாயங்கள் அனைத்துக்கும் அடிப்படையாயுள்ளது இவ்வொரு வாக்கியமேயாம்.

கலவையின் அளவு

பெற்றோல் எஞ்சினின் உருளைக்குள் வளியும் எரிபொருளாவியும் கலந்த கலவை உறிஞ்சப்படுகின்றது, ஆடுதண்டினால் அமுக்கப்படுகின்றது, மின்பொறியாற் கொளுத்தப்படுகின்றது. இக்கலவையில் இரு பொருள்களும் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதை இரசாயனவியல் வகுத்துக் கூறும். பெற்றோலிலுள்ள பொருள்களுள் ஒன்றாகிய ஒக்ரேனை எடுத்துக்கொள்வோமாயின், அதன் 114 கிராம் முற்றாக எரிவதற்கு 400 கிராம் ஒட்சிசன் வேண்டும். வளியின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பங்கே ஒட்சிசன் ஆதலால், அவ்வொட்சிசனைப் பெறுதற்கு 1700 கிராமுக்கும் சற்று மேற்பட்ட வளி தேவையாகும். அஃதாவது, ஒரு பங்கு எரிபொருளுக்கு 15 பங்கு வளி. பல பொருள்களின் கலப்பாகிய பெற்றோலுக்கு இவ்விகிதம் 14.7 எனக் கொள்ளப்படும்.

இதனினும் எரிபொருள் மிகுந்த கலவையைச் செறிந்த கலவை என்றும், குறைந்த கலவையை மெலிந்த கலவை என்றும் கூறலாம். ஏறக்குறைய 8 பங்கு வளிக்கு ஒரு பங்கு எரிபொருள் என்னும் செறிவுக்கு மேலும், 20 பங்கு வளிக்கு ஒரு பங்கு என்னும் மெலிவுக்குக் கீழும் சாதாரண எஞ்சினிற் சுடர் பரவாது. இவ்வெல்லைகளுக்கு உட்பட்டே எஞ்சின் இயங்குதல் கூடும். ஆனால் இங்கே உன்னித்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இவ்விகிதங்கள் யாவும் ஆவியைக் குறித்தனவேயன்றித் திரவத் துளிகளைக் குறித்தனவல்ல. உட்செல்லும் குழாயின் சுவரில் ஈரமாய்ப் படிந்துகிடக்கும் பெற்றோல் மின்பொறியைப் பொறுத்தவரை இல்லாததற்கே சமனாகும்.

குளிர் செய்யும் இடர்

பெற்றோல் தனிப்பொருளன்று. நான்கு காபனணு முதல் ஏறக்குறையப் பன்னிரண்டு காபனணு வரை கொண்ட பல ஐதரோக்காபன்களின் கூட்டமே அது. அவற்றுட் பென்ரேன் 36 பாகையிலும், எக்சேன் 69 பாகையிலும், எப்ரேன் 98 பாகையிலும், நேர்சங்கிலி ஒக்ரேன் 126 பாகையிலும் கொதிப்பன. (இக்கட்டுரையில் வரும் வெப்பநிலைகள் யாவும் சதமவளவைப் பாகைகளாம்.) பெற்றோலின் பாரமான பகுதிகள் ஆவியாதற்கு 200 பாகை வரையும் செல்லவேண்டியிருக்கும். எஞ்சின் சூடேறிய பின்னர், வெப்பமுற்ற குழாய்ச் சுவர்களும் உருளையும் இவையெல்லாவற்றையும் ஆவியாக்கிவிடுகின்றன. குளிர்ந்திருக்கும்போதோ இலேசான பகுதிகள் மாத்திரமே ஆவியாகும். ஏனையவை துளியாகவும் படலமாகவும் சுவர்களில் ஒட்டிநிற்கும். எனவே, அளவறிந்து 15 பங்குக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்ட எரிபொருளும், மின்பொறி தோன்றும் இடத்தை அடையும்போது தீப்பற்ற இயலாத மெலிந்த கலவையாகிவிடுகின்றது.

இவ்விடரோடு வேறு இடர்களும் சேர்கின்றன. குளிரில் எஞ்சின் எண்ணெய் தடிப்புறுதலால் எஞ்சினைச் சுழற்றுவது கடினமாகும். பற்றரியின் வலிமையோ அதே வேளையிற் குன்றும். உறைபனிக்குக் கீழே 18 பாகையளவிற் குளிருள்ள நாடுகளில் அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே தொடக்கி மோட்டார் எஞ்சினை மெதுவாகவே சுழற்றும். மெதுவாகச் சுழலும்போது காபரேற்றரினூடு செல்லும் வளியின் வேகம் குறைவு. வேகம் குறையவே உறிஞ்சும் ஆற்றலும் குறைவு. ஆகவே மேலெழும் பெற்றோலும் குறைவு. அமுக்கப்பட்ட கலவையின் வெப்பத்தையும் குளிர்ந்த உருளைச் சுவர்கள் கவர்ந்துகொள்கின்றன. ஆவியாதல் தானும் வெப்பத்தை உட்கொள்ளும் நிகழ்ச்சியாதலால், ஆவியாகும் சிறு பகுதி எஞ்சியதை மேலும் குளிரச் செய்கின்றது.

இலங்கையில் உறைபனி அரிதாகலின் இஃது அயல்நாட்டார் இடர் என்று எண்ணுதல் பொருந்தாது. யாழ்ப்பாணத்து மார்கழி விடியலிலும் காபரேற்றர் பூட்டிய பழைய கார் முதல் முயற்சியில் எளிதில் இயங்குவதில்லை. 25 பாகை என்பது மனிதனுக்கு இதமான வெப்பநிலையேயாயினும், 126 பாகையிற் கொதிக்கும் பொருளுக்கு அது குளிரே.

கண்ட உபாயங்கள்

மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்திற் காள் பென்ஸ் என்பார் 1886 ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற வாகனத்தில், எரிபொருளின் மேற்பரப்பிலே வளியைச் செலுத்தி ஆவியைக் கவரும் முறை கையாளப்பட்டது. இம்முறையில் இலேசான பகுதிகள் முதலில் ஆவியாகிவிட, பாரமானவை கலத்தில் எஞ்சிநிற்கும் குறையிருந்தது. 1893 இல் வில்ஹெல்ம் மைபாக் என்பார் சிறு துவாரத்தின் வழியாக எரிபொருளை வளியோட்டத்தில் தூவும் காபரேற்றரை அமைத்தார். பின்னர் வந்த காபரேற்றர்கள் பெரும்பாலும் இதன் வழிவந்தனவே.

அக்காலத்தில் எஞ்சினைச் சுழற்றியது மனிதன் கையே. முன்புறத்திற் கைப்பிடியை மாட்டிச் சுழற்றும்போது கலவை காலந்தப்பித் தீப்பற்றினால், எஞ்சின் எதிர்ப்புறமாக உதைத்துக் கையை முறித்துவிடுவதும் உண்டு. 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் கார்களில் சாள்ஸ் கெற்றறிங் அமைத்த மின்தொடக்கி வந்த பின்னரே இவ்வாபத்து நீங்கத் தொடங்கியது. ஆயினும் மின்தொடக்கி சுழற்றுதலை எளிதாக்கியதேயன்றி, ஆவியைப் பெருக்கித் தரவில்லை. அதற்கு வேறு வழி வேண்டியிருந்தது.

அவ்வழி யாதெனின், ஆவியாகும் பங்கு சிறிதாயின் கொடுக்கும் மொத்தத்தைப் பெரிதாக்குதலாம். பத்தில் ஒரு பங்கே ஆவியாகுமாயின் பத்து மடங்கு கொடுத்தால் வேண்டிய ஆவி கிடைத்துவிடும். கடுங்குளிரில் இரண்டு மூன்று பங்கு வளிக்கு ஒரு பங்கு பெற்றோல் என்னும் அளவுக்கும் கொடுக்க நேரிடும். சோக் என்று வழங்கும் கருவி செய்வது இதனையே. பெரும்பாலான காபரேற்றர்களில் வளி நுழையும் வாயிலில் ஒரு தகடு உண்டு. அதனை மூடினால் வளியின் வழி அடைபட்டு, உள்ளே உறிஞ்சும் வலிமை பெருகிப் பெற்றோல் மிகுதியாக மேலெழும். வாயிலை நெரித்தலாலேயே அதற்கு அப்பெயர் வந்தது.

மொறிஸ் மைனரின் காபரேற்றர்

இக்கருத்தை வேறொரு வழியில் நிறைவேற்றிய காபரேற்றர் ஒன்றுண்டு. அதுவே எஸ். யூ. என்னும் பெயருடையது. இங்கிலாந்திற் காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை ஆக்கினர். தொழிலுக்கேற்ப முதலில் அதில் தோற்றுருத்தியே அமைத்திருந்தனர். பின்னரே அதனிடத்தை உலோகப் பிஸ்டன் பெற்றது. 1948 முதல் உற்பத்தியாகி, இலங்கையிற் பெருக வழங்கி, இன்றும் ஆங்காங்கு ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர் காரில் இக்காபரேற்றரே பூட்டப்பட்டது.

இதன் நடுவே உட்குழிந்த மூடியொன்றினுள் மேலுங் கீழும் இயங்கும் பிஸ்டன் உண்டு. எஞ்சின் மிகுந்த வளியை வேண்டும்போது பிஸ்டன் உயர்ந்து வழியை அகலமாக்கும். குறைய வேண்டும்போது தாழ்ந்து ஒடுக்கும். ஆகவே வளியின் வேகமும் உறிஞ்சும் வலிமையும் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். பிஸ்டனின் அடியிலிருந்து, நுனி நோக்கி ஒடுங்கிச் செல்லும் ஊசியொன்று தொங்குகின்றது. அவ்வூசி, பெற்றோல் வெளிவரும் ஜெற் என்னும் சிறுகுழலினுள் நிற்கின்றது. பிஸ்டன் உயர ஊசியும் உயரும்; ஊசியின் மெல்லிய பகுதி ஜெற்றின் வாயில் வந்து நிற்றலால் இடைவெளி பெருகி, வளிக்கேற்பப் பெற்றோலும் பெருகும். கலவையின் அளவு முழுவதும் அவ்வூசியின் வடிவிலே அடங்கியுள்ளது.

இக்காபரேற்றரில் வாயிலை அடைக்கும் தகடு இல்லை. சாரதி சோக் இழுப்பை இழுக்கும்போது கீழிறங்குவது ஜெற்றேயாம். ஊசி இருந்த இடத்தில் நிற்க, ஜெற் தாழ்வதால், ஊசியின் மெல்லிய பகுதி அதன் வாய்க்கு நேராகின்றது. இடைவெளி அகன்று கலவை செறிகின்றது. இழுப்பின் முதற்பகுதி, ஆக்சிலேற்றர் மிதிக்குக் கட்டுப்பட்ட வட்டத் தகட்டையும் சிறிது திறந்துவைத்து, குளிர்ந்த எஞ்சின் சற்று விரைந்து சுழல உதவும். ஆதலால் எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் இழுப்பைப் பாதியளவு உட்செலுத்தி, சூடேறுந்தோறும் சிறிது சிறிதாக முற்றும் உட்செலுத்துதல் முறையாகும்.

பதம் பார்க்கும் முறை

இனி, கலவையைச் செப்பஞ் செய்யும் முறையை நோக்குதல் தகும். ஜெற்றின் கீழே அறுபக்க நட்டு ஒன்று உண்டு. அதனை மேல்நோக்கித் திருகினால் ஜெற் உயர்ந்து கலவை மெலியும். கீழ்நோக்கித் திருகினாற் செறியும். ஒரு முறைக்கு ஒரு பக்கத்தளவு மாத்திரமே திருப்புதல் வேண்டும். பின்னர் எஞ்சின் வெற்றோட்டத்தில் இயங்கும்போது, பிஸ்டனை ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அஃதாவது ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர், மெல்ல உயர்த்திப் பார்க்கவேண்டும். எஞ்சின் வேகம் கூடி அவ்வாறே நிலைத்தால் கலவை செறிந்தது. உடனே தளர்ந்து நிற்கப்போனால் மெலிந்தது. ஒரு கணம் சிறிது கூடி மீண்டும் பழைய நிலையை அடைந்தாற் செம்மையானது. பிஸ்டனின் நடுக்குழலில் மெல்லிய எண்ணெய் உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். மிதியைத் திடீரென அழுத்தும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் தடுத்து, அக்கணத்துக்கு வேண்டிய செறிவைத் தருவது அவ்வெண்ணெயே.

இச்சோதனை முழுவதும் எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே, சோக் முற்றும் உட்சென்ற நிலையிற் செய்யப்படல் வேண்டும். இவ்விதியே எல்லாவற்றிலும் முதன்மையானது. பலராலும் மீறப்படுவதும் இதுவே. காலையிற் கார் தடுமாறி நின்றுவிடுகின்றது என்ற முறைப்பாட்டைக் கேட்டு, குளிர்ந்த எஞ்சினிலேயே நட்டைக் கீழிறக்கிவிடுவோர் உளர். அன்று காலையில் அக்கார் நன்றாகவே ஓடும். ஆனால் எஞ்சின் சூடேறியதும் அதே அமைப்புத் தேவைக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். பத்து நிமிட நன்மைக்காக நாள் முழுவதும் தீமையை ஏற்ற கதையாகும் இது. குளிருக்கு வேண்டிய மிகையைக் கொடுப்பது சோக்கின் கடமை. சூடான எஞ்சினுக்கு வேண்டிய அளவைக் கொடுப்பது நட்டின் கடமை. ஒன்றன் தொழிலை மற்றொன்றின் மேல் ஏற்றுதல் தவறாம். சோக் கம்பி தளர்ந்து ஜெற் போதிய அளவு இறங்காதிருத்தலும், பிஸ்டன் ஒட்டிக்கொள்ளுதலும், பிளக்குகள் தேய்ந்திருத்தலுமே பெரும்பாலும் காலைத் தடுமாற்றத்தின் காரணங்களாதலால், அவற்றை ஆராயாமற் கலவையைத் தொடலாகாது.

நுவரெலியா போன்ற மலைப்பிரதேசத்தில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். அங்கே கடல்மட்டத்துக்கு 1800 மீற்றருக்கு மேல் வளி அடர்த்தி குறைந்ததாதலால், கடற்கரையிற் செப்பஞ் செய்த காரின் கலவை சிறிது செறிந்துவிடும். அதே வேளையிற் குளிர்ந்த காலையில் அக்காருக்குச் சோக் முன்னையினும் கூடுதலாக வேண்டும். எஞ்சின் தொடங்கும்போது செறிவும், தொடங்கிய பின் மெலிவும் ஒரே இடத்தில் வேண்டப்படுகின்றன. ஒரே நட்டினால் இரண்டையும் நிறைவேற்ற எண்ணுவோன் இரண்டிலும் தோல்வியுறுவான்.

மிகையின் கேடு

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி இவ்விடத்திற் சொல்லளவிலன்றிப் பொருளளவிலும் உண்மையாகும். ஒட்சிசன் போதாத கலவையிற் காபன் முற்றாக எரியாது காபனோரொட்சைட்டு என்னும் வாயுவாக வெளிவரும். நிறமும் மணமும் அற்ற இந்நஞ்சு, குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் இணைகின்றது. இதனைச் சுவாசிப்போர் மயக்கம் வருவதை உணருமுன்னரே உணர்விழப்பர். எனவே கதவடைத்த கொட்டகையினுள் எஞ்சினைச் சூடேற்றுதல் உயிரோடு விளையாடுதலாகும். சோக் இழுத்த நிலையில் நஞ்சு மிகுதியும் வெளிவருமாதலால், காலை வேளையே மிக்க ஆபத்தானது.

எஞ்சினுக்கும் கேடு உண்டு. ஆவியாகாத பெற்றோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ஆடுதண்டின் வளையங்களும் சுவரும் எண்ணெயின்றி உராயும். கழுவிய பெற்றோல் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளிற் கரி படியும். அளவுக்கு மேல் இறைத்துவிட்டாற் பிளக்குகள் நனைந்து எஞ்சின் இயங்கவே மாட்டாது. அவ்வேளையிற் சோக்கை உட்செலுத்தி, மிதியை முற்றாக அழுத்திச் சுழற்றி, மிகுந்த வளியால் உள்ளே உலர்த்துதலே வழி.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

ஆவியே எரியும் என்னும் உண்மையை நூலிற் கற்காமல் வாழ்க்கையிற் கற்ற காலமும் உண்டு. 1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்ட பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அக்காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 முதலிய பழைய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 150 பாகைக்கு மேலேயே கொதிக்கும் பகுதிகளைக் கொண்டது. குளிர்ந்த எஞ்சினில் அதனை எவ்வளவு மிகுதியாகக் கொடுத்தாலும் போதிய ஆவி தோன்றாது. சோக் அங்கே பயனற்றது. ஆதலால், அரிதிற் சேமித்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை இயக்கி, சிறிது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இயங்கிய எஞ்சினின் வெப்பமே அடுத்து வரும் மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. வழியில் எஞ்சின் நின்று குளிர்ந்துவிட்டால் மீண்டும் சில துளி பெற்றோல் வேண்டும். நோயாளரை ஏற்றிச் செல்லும் காருக்கு அத்துளிகளின் பெறுமதி எத்தகையது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோர் அறிவர்.

அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே இதனைத் தாங்கின. புதிய எஞ்சின்களின் கூடிய அமுக்கத்தில் மண்ணெண்ணெய் காலந்தப்பி வெடித்து எஞ்சினைத் தாக்கும். வெண்புகையும், எண்ணெய் நீர்த்துப்போதலும், அதனால் விளைந்த தேய்வும் அக்கார்கள் செலுத்திய கடன்களாம்.

குடாநாட்டார் இடுக்கணிற் கண்ட இம்முறை பொறியியலாளர் முன்னரே கண்டதுமாகும். இங்கிலாந்தில் உற்பத்தியான பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடுமாறு 1949 இல் அமைக்கப்பட்டது. அதன் தாங்கியிற் பெற்றோலுக்கென ஒரு சிறு பகுதி தனியே இருந்தது. உழவர் பெற்றோலில் இயக்கிச் சூடேற்றிய பின்னரே மற்றையதற்கு மாற்றுவர். நூலறிவும் தேவையும் வெவ்வேறு வழிகளிற் சென்று ஒரே இடத்தை அடைந்தமைக்கு இது சான்றாகும்.

மதுசாரமும் மின்னணுக் கருவிகளும்

பிரேசில் நாட்டிலும் இவ்வினாவே வேறு வடிவில் எழுந்தது. கரும்பிலிருந்து பெறும் எதனோல் என்னும் மதுசாரத்தில் ஓடும் கார்கள் அங்கே 1979 முதல் விற்பனைக்கு வந்தன. எதனோல் 78 பாகையிற் கொதிக்கும் தனிப்பொருள். பெற்றோலிலுள்ளது போல முன்வந்து ஆவியாகும் இலேசான பகுதி அதில் இல்லை. ஆவியாதற்கு வேண்டிய மறைவெப்பமோ பெற்றோலினதைவிட இரு மடங்குக்கு மேல். அன்றியும், ஒரு பங்கு எதனோலுக்கு 9 பங்கு வளியே போதுமாதலால், எரிபொருளும் கூடுதலாக ஆவியாதல் வேண்டும். ஆகவே அக்கார்களிற் குளிர்காலத் தொடக்கத்துக்கென ஒரு சிறு பெற்றோற் கலம் வைக்கப்பட்டது. எரிபொருளைச் சூடாக்கியே உட்செலுத்தி அக்கலத்தை நீக்கிய கார் 2009 இல் அங்கே வெளிவந்தது.

காபரேற்றரின் இடத்தை மின்னணுக் கருவியால் ஆளப்படும் தூவுமுறை பெற்றதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. 1967 இல் வொக்ஸ்வாகன் 1600 காரில் வந்த பொஷ் தூவுமுறை இதற்கு வழிகாட்டிற்று. இக்காலக் கார்களில் எஞ்சினின் நீர் எவ்வளவு குளிர்ந்துள்ளது என்பதை வெப்பவுணரியொன்று அறிவிக்க, எரிபொருளின் அளவு கணத்துக்குக் கணம் கணிக்கப்படுகின்றது. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசனுணரி கலவையின் செம்மையைச் சொல்லும். நச்சு வாயுக்களை ஊக்கி மாற்றி தூய்மையாக்கும். ஆனால் இவ்விரண்டும் ஏறக்குறைய 300 பாகை சூடேறும் வரை தம் தொழிலைச் செம்மையாய்ச் செய்வதில்லை. ஆகவே, புதிய காரிலும் ஒரு சிறு பயணத்தில் வெளிவரும் நஞ்சின் பெரும்பகுதி தொடங்கிய முதல் ஓரிரு நிமிடங்களிலேயே வெளிவருகின்றது. சோக் இழுப்பு மறைந்ததேயன்றிக் குளிர் எழுப்பும் வினா மறையவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். பழைய காரின் சாரதி, இழுப்பை எவ்வளவு இழுப்பது, எப்பொழுது உட்செலுத்துவது என்பதை எஞ்சினின் ஓசையைக் கேட்டுத் தானே தீர்மானித்தான். இன்று அத்தீர்மானத்தை உணரிகள் செய்கின்றன. ஆயினும் தீர்மானத்தின் பொருள் ஒன்றே: தொடங்குதற்கு வேண்டிய அளவு வேறு, தொடர்தற்கு வேண்டிய அளவு வேறு. இன்றும் மொறிஸ் மைனரையும் ஏ-40 ஐயும் பேணுவோர் நட்டைத் தொடுமுன் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வாராயின், அவர்தம் எஞ்சினும் நெடுநாள் உழைக்கும். அயலவர் சுவாசிக்கும் வளியும் மாசு குறைந்து நிற்கும்.